பரா அண்ணையின் தாடையெலும்பு

சனிக்கிழமை காலை கொட்டாஞ்சேனைச் சந்தையில் ஒரு பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பரா அண்ணையின் மனைவி சரோஜா அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். நித்திரையிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். மீனை மேசையில் வைத்துவிட்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். மீன்காரர் பின்னால் ஏதோ சத்தம் போட்டார்.

பரராசசிங்கம் என்ற முழுப்பெயர் கந்தோர்ப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. கோட்டையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த கப்பல் முகவர் கந்தோரில் எல்லோருக்கும் அவர் பரா அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியிருந்தவர். சட்டைக்கையை மடித்துவிட்டபடி அவரை ஒருநாளும் கண்டதில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினால், "நில்லும் காணும்" என்று உள்ளிருந்து குரல் வரும். கடைசிப் பொத்தானும் பூட்டி முடிந்தபின்தான் கதவு திறக்கும். வெறும் மேலோடு அவரைப் பார்த்தவர் சரோஜா அக்கா ஒருவராகத்தான் இருக்கும் என்று பகிடி பண்ணுவோம்.

யுத்த காலத்தில்தான் அவருடைய இடப்பக்கத் தாடையில் கட்டி வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் எலும்பை உள்ளிருந்தே அரிக்கிற சாதி என்றார் வைத்தியர். தாடையெலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். சில மாதம் பொறுத்து, கட்டி திரும்ப வரவில்லை என்று கண்டபின், இடுப்பெலும்பில் ஒரு துண்டு எடுத்து அந்த இடத்தில் வைப்பதாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் முகம் ஒருபக்கம் உள்ளே விழுந்து, நாடி கோணிக் கிடந்தது. "என்ரை வாய் கனகாலம் உழைச்சிட்டுது, லீவு கேக்குது" என்று குழறிக் குழறிச் சொல்வார். நாங்கள் சிரித்தோம். அவரைத் தெரியாதவர்கள் சிரிக்கவில்லை.

சோதனைச் சாவடிகளில் நின்றவர்கள் அப்படித்தான். அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழன் உடம்பில் தழும்போடு திரிந்தால், எங்கே பட்டது என்ற கேள்வி உடனே வரும். அடையாள அட்டையில் ஒரு முகம், எதிரே நிற்பது இன்னொரு முகம் என்றால் கேட்கவே வேண்டாம். அண்ணை சட்டைப்பையிலிருந்து வைத்தியரின் சிங்களக் கடிதத்தை எடுத்து நீட்டுவார். ஒருவர் வாசிப்பார், இன்னொருவரைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுப்பார், அதற்குள் பஸ் போய்விடும்.

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நோய் அப்போது முற்றியிருந்தது.

"புது ஐ.சி. எடுங்கோ அண்ணை, இப்ப இருக்கிற முகத்தோட."

"எலும்பு வைக்கட்டும் காணும், பிறகு பாப்பம்."

நான் விடவில்லை. படிவத்தை நானே நிரப்பினேன். எனக்குத் தெரிந்த ஸ்டூடியோவுக்கு நானே கூட்டிப்போனேன். படம் பிடித்தவர் இரக்கப்பட்டு, நல்ல பக்கத்தைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். கோணல் தெரியத்தான் வேண்டும் என்று அவரோடும் சண்டை பிடித்தேன். பழைய அட்டையைக் கொடுத்துப் புதியதை வாங்கினோம். இனி அந்தக் கடிதத்தைக் காவித் திரியத் தேவையில்லை என்று பெரிய வெற்றி போலச் சொன்னவனும் நான்தான்.

அடுத்த இரண்டு மாதத்தில் எலும்பு வைத்தார்கள். பார்க்கப் போனபோது மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தது. ஸ்ட்ரோவால் சூப் உறிஞ்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பல்லுக்கிடையால், "இவ்வளவு காலமும் கதிரையிலை குந்தியிருந்த எலும்பு காணும், இனிக் கதைக்கப்போகுது" என்றார். பிறகு வீக்கம் வற்ற வற்ற நாடி நேரே வந்தது. "பாருங்கோ தம்பி, கலியாணப் படத்திலை இருந்த மாதிரியே வந்திட்டார்" என்றார் சரோஜா அக்கா. மூன்று பேரும் சந்தோஷப்பட்டோம். அந்த நாடி கையிலிருந்த அட்டையில் இல்லை என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எலும்பு வைத்த ஐந்தாம் வாரம், கிளினிக்குக்குப் போய்த் திரும்பும் வழியில், காலி வீதியில் பஸ்ஸிலிருந்து அவரை இறக்கினார்கள். அட்டையில் இருப்பவருக்குத் தாடை இல்லை, எதிரே நிற்பவருக்கு இருக்கிறது. பல்லுக்கம்பி இன்னும் கழற்றவில்லை, விளக்கம் சொல்ல வாயைத் திறக்கவும் முடியாது. பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். செய்தி கேட்டு அக்கா கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தார். நான் வெள்ளவத்தைக்கு ஓடி, அலுமாரியில் கிடந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்காவோடு பொலிசுக்குப் போனேன்.

அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். இடுப்பில் எலும்பு எடுத்துத் தாடையில் வைக்கப்போவதாக எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "பென்னண்ட" என்றார். காட்டு என்கிறார். நீள வாங்கில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டையை வெளியே இழுத்து, பெல்ட்டைக் கழற்றி, காற்சட்டையை இறக்கிக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

அதிகாரி குனிந்து தையல் தழும்பைப் பார்த்தார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். தன் தாடையைத் தானே தடவியபடி, "ரிதெனவாத?" என்று கேட்டார். வலிக்கிறதா என்றுதான் கேட்டார், குரலும் இறங்கியிருந்தது. அண்ணை இல்லையென்று தலையாட்டினார். போகச் சொன்னார்கள்.

வீதிக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணை, எல்லாம் என்னாலதான்" என்றேன். பரவாயில்லை, நல்லதை நினைச்சுத்தானே செய்தனீர் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்கத்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் நின்றார். கம்பி கட்டிய பல்லுக்கிடையால், "ஓம் காணும், உம்மாலைதான்" என்றார்.

பிறகு என் தோளில் கையைப் போட்டு, நோகிற பக்கத்துப் பாரம் முழுவதையும் என்மேல் விட்டு, "நடவும்" என்றார். வீடுவரைக்கும் அப்படியே வந்தார்.

அதன்பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவேயில்லை. நானாகத் தொடங்கினாலும் வேறெங்கோ போய்விடுவார். அவரை அறிந்த உங்களில் சிலர் அவருடைய பகிடிகளை வைத்திருப்பீர்கள், சிலர் அவர் செய்த உதவிகளை. நான் வைத்திருப்பது அந்த ஒரு பதிலையும் அந்த வழிநடையையும்தான். என் பிழையை எனக்கு நேரே சொல்லிவிட்டு, என்னிலேயே சாய்ந்து நடக்க இனி ஆளில்லை.