மாடு திங்காத செடி

காத்தாயி அக்கா கதையைச் சொல்லணும்னா அந்த மஞ்சப்பூச் செடியையும் சேர்த்துத்தாங்க சொல்லணும். எங்க தேயிலை எஸ்டேட்டு ஏழாம் நம்பர் லயத்துல வரிசையாப் பத்து ஊடு. இப்போ ஆள் இருக்கறது ரெண்டுல. ஒண்ணுல அக்கா, இன்னொண்ணுல இந்த அங்கம்மா. மத்தவங்க எல்லாம் திருப்பூர், கோயமுத்தூர்னு கீழ இறங்கிட்டாங்க. எம் மவன் பொன்ராஜும் திருப்பூர்ல பனியன் கம்பெனிதான். தைக்குள்ள நீயும் வந்துரும்மான்னு வாராவாரம் போன்ல நச்சரிப்பான்.

அக்காவை அப்படி நச்சரிக்க ஒரு நாதி கிடையாது. ஏழெட்டு வயசுல ஆத்தா அப்பன் கையப் புடிச்சுக்கிட்டு சிலோன்ல இருந்து கப்பல்ல வந்தது. வளர்ந்ததும் கொழுந்துக் கூடை. புள்ளைகுட்டி இல்லை. இருந்த ஒரே சொந்தம் புருசன் ஆண்டி மாமா. அவரும் பதினாறு வருசம் முன்னாடி நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவர், எந்திரிக்கவே இல்லை. லயத்துக்கு மேல காட்டோரம் ஒரு புல்மேடு இருக்கு. அங்கதான் புதைச்சோம்.

முப்பதாம் நாள் குழிமேட்டுல ஒரு செடி வெக்கறது எங்க ஆளுங்க வழக்கம். கல்லு கட்ட யாருக்கு வக்கு இருக்கு? செடிதான் அடையாளம். அக்கா குரோட்டன்ஸ் வெச்சுது, உறைபனில கருகிப் போச்சு. செவ்வந்தி வெச்சுது, காட்டெருமை மொட்டையடிச்சுட்டுப் போயிருச்சு. ரோஜாவைக் கடமான் முடிச்சுது. ஒவ்வொரு தடவையும் மாமா புதுசாச் செத்த மாதிரி அக்கா அழுவும்.

அப்புறம் ஒருநாள் முந்தானை முடிச்சுல கொஞ்சம் விதை கொண்டாந்துச்சு. ஊட்டில ஒரு பழைய பங்களாவுக்குக் களை எடுக்கப் போன எடத்துல வேலியோரம் நின்ன செடியாம். வெள்ளைக்காரன் அவன் ஊர்ல இருந்து கொண்டாந்து வெச்சது. இலைன்னு பேருக்குத்தான் இருக்கும். பச்சைக் குச்சியா, வெளக்குமாத்தைத் தலைகீழா நட்ட மாதிரி நிக்கும். பூத்தா மட்டும் மஞ்சளாக் கொட்டும். வெளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சமா அக்கான்னு நான் கேலி பண்ணினேன். அக்கா சிரிக்கலை.

"இதை மாடு திங்காது அங்கம்மா, பனி கருக்காது. இதுதான் அவருக்குத் துணையா நிக்கும்."

நின்னுச்சுங்க. நல்லாத்தான் நின்னுச்சு. மூணாம் வருசம் பூத்துச்சு. ஞாயித்துக்கிழமையானா அக்கா மேல போயி அது பக்கத்துல உக்காந்துக்கும். வெயில் ஏறினா காயெல்லாம் பட்டுபட்டுன்னு வெடிச்சு விதை தெறிக்கும். மாமா பேசற மாதிரி இருக்குன்னு சொல்லும். நானும் கேட்டுக்குவேன்.

ஆறாம் வருசம் சுத்தியும் இருவது செடி. பத்தாம் வருசம் மேடே மஞ்சள். ரோட்டுல கார் நிறுத்தி போட்டோ எடுத்தாங்க, அக்காவுக்குப் பெருமை தாங்கலை. அதுக்கடுத்த மழைக்கு அப்புறம் மேல போன அக்கா சீக்கிரமே கீழ வந்துருச்சு. ஆள் உசரம் பொதர், கால் வெக்க எடமில்லை. குழி எங்க இருந்துச்சுன்னே தெரியலை. எல்லா எடத்துலயும் அதே செடின்னா அடையாளம் எது சொல்லுங்க? மாமாவைத் தொலைச்சுட்டேன்னு வாசப்படில உக்காந்து சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. வேலில போன ஓணானை எடுத்து மடியில விட்ட கதைதான். ஆனா அதை எப்படி அக்கா மூஞ்சிக்கு நேரா சொல்றது? மூணு வருசம் அக்கா பேச்சே கொறைஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடக்கும்.

இந்த வருசம் அந்தப் பொதரைப் புடுங்கக் காட்டிலாகாக்காரங்க கூலிக்கு ஆள் எடுத்தாங்க. அறுவது தாண்டின ஒடம்பை வெச்சுக்கிட்டு அக்கா மொத ஆளாப் பேர் குடுத்துச்சு. அதை எப்படித் தனியா விடறது, நானும் குடுத்தேன். செடிகொடி படிப்புப் படிச்ச சுவாதின்னு ஒரு பொண்ணு கூட இருந்து வேலை சொல்லிக் குடுத்துச்சு. டீ குடிக்கறப்போ வெவரம் சொல்லுச்சு. இந்தச் செடியோட சொந்த ஊர்ல இதைக் கடிக்கப் பூச்சி உண்டு, விதையைக் குடைய வண்டு உண்டு, அதனால அங்க அளவோட இருக்குமாம். இங்க செடி மட்டும் வந்துச்சு, அதோட பகையாளி ஒண்ணுகூட வரலை. காட்டெருமை நம்ம புல்லை மேஞ்சுட்டு இதை விட்டுரும். அப்போ புல்லு தோக்கும், இது செயிக்கும். வெளியூர்ச் செடி எல்லாமே இப்படி ஆகறதில்லையாம். ரோஜாவும் கேரட்டும் வெளியூர்தான், அதுங்களைத் தின்னுத் தீர்க்க இங்க வாய் இருக்கு. சரி, இந்த மேட்டுக்கு இது எப்படி வந்துச்சுன்னு அந்தப் புள்ளை கேட்டுச்சு. நான் டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அக்கா சொல்லிருச்சு. "நான்தான் பாப்பா வெச்சேன். மாடு திங்காதுன்னுதான் வெச்சேன்."

திட்டப் போகுதுன்னு நெனைச்சேன். அந்தப் புள்ளை முழுக் கதையும் கேட்டுட்டு, அப்படின்னா இருக்கறதுலயே வயசான செடி அதுதான், தூர் பெருத்திருக்கும், தேடுவோம்னு சொல்லுச்சு. நாலாம் நாள் கெடைச்சுது. என் மணிக்கட்டை விடத் தடிச்ச தூர், பாதி காஞ்சு சாஞ்சு கெடந்துச்சு. அடியில மண்ணு ஆள் நீளத்துக்கு உள்வாங்கி இருந்துச்சு. அக்கா அங்கயே மண்டி போட்டுருச்சு. இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும், நான் பாக்காத மாதிரி போயிடறேன்னு சுவாதி மெதுவாச் சொல்லுச்சு. அக்கா கேக்கலை. கடப்பாரையை வாங்கி, யாரையும் தொட விடாம, தன் கையாலயே நெம்பி எடுத்துச்சு. அரை நாளாச்சு.

சாயங்காலம் வெறும் மண்ணுதான் இருந்துச்சு. விதை மண்ணுக்குள்ள முப்பது வருசம்கூட உசுரோட கெடக்கும், மழைக்கு மழை மொளைக்கும், வருசா வருசம் வந்து புடுங்கலைன்னா திரும்ப மூடிக்கும்னு சுவாதி சொல்லிட்டுத்தான் போச்சு. அக்கா வெரலை விட்டு எண்ணிப் பாத்துச்சு. எனக்கு மிஞ்சிப்போனா ஒரு பத்து வருசம் ஓடும்னு சொல்லிட்டு, என் பக்கம் திரும்புச்சு. அந்த மூணு வருசத்துல பாக்காத சிரிப்பு அதோட மூஞ்சில.

"அப்புறம் நீ இருக்கியே அங்கம்மா."

"ஆமாக்கா"ன்னு சொன்னேன்.

மார்கழி கடைசில சாமான் ஏத்த வண்டி கொண்டாறேன்னு பொன்ராஜ் சொல்லி, நானும் சரின்னு சொல்லி ஒரு வாரம் ஆச்சு. அக்காகிட்ட இன்னும் சொல்லலைங்க.