கிடை போட்ட புஞ்சை

கடலை முளைக்கும் சீமைக்கருவை முளைக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை நான். கடலை முளைத்தால் மண்ணைப் பிளந்துகொண்டு, தடித்த பருப்பு இரண்டையும் தலையில் தூக்கிக்கொண்டு வரும். கருவை சத்தமே காட்டாது. நீள்வட்டமாக இரண்டு சின்ன இலை, அதற்கு நடுவில் புளியங்கொழுந்தைச் சுருக்கி வைத்தது போல ஒரு துளிர், அவ்வளவுதான். ஆடி விதைப்பு முடிந்து களை பார்க்கப் போன அன்று, எங்கள் புஞ்சையில் கடலைக்கு நடுவே எங்கு பார்த்தாலும் அந்தத் துளிர்தான் நின்றது. இவரிடம் எப்படிச் சொல்வது என்று அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். கல்யாணம் ஆன மறு வருசமே சவூதிக்குப் போனவர். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை வருவார், வந்தால் விருந்தாளி போலத்தான் இருப்பார். எந்த டப்பாவில் சீனி இருக்கிறது என்று தெரியாது, எந்த சுவிட்சைப் போட்டால் எந்த லைட் எரியும் என்றும் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் திரும்பிப் போகும் நாள் வந்துவிடும். இந்தத் தடவை சித்திரையில் வந்தவர், வந்த இரண்டாம் நாளே மானகிரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் புஞ்சையைப் போய்ப் பார்த்தார். இனிமேல் இதில் வெள்ளாமை வைக்கப் போகிறேன் என்றார்.

நான் சந்தோசத்தில் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். இவர் இனிப் போக மாட்டார், விவசாயம் பார்க்கப் போகிறார் என்று, என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவர்களிடம்கூடச் சொன்னேன். எனக்கு ஒரு பயம் இருந்தது. மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, காரைக்குடியில் ஒரு பைக் ஷோரூமுக்குப் போய்க்கொண்டிருந்தான். எங்கள் தெருவில் மீசை முளைத்த ஆம்பளைப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் வளைகுடாவில், போனுக்குள் இருக்கிறார்கள். அப்பன் ஊரில் நின்றுவிட்டால் மகனும் நிற்பான். இதுதான் என் கணக்கு. அந்தப் புஞ்சையில் ஏதாவது ஒன்று விளைந்தால் போதும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

மாமனார் போன பிறகு அங்கே யாரும் கலப்பை வைக்கவில்லை. சீமைக்கருவை ஆளை மறைக்கும் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. வெட்டினால் மட்டும் அது சாகாது. வெட்டிய தூரிலிருந்து ஒன்றுக்கு நாலாகத் தழையும். அதனால் ஜேசிபியை விட்டுத் தூரோடு பறித்தார். கரிமூட்டக்காரர்கள் வந்து கட்டையை ஏற்றிக்கொண்டு போனார்கள். நிலம் வெளுத்துப் போய்க் கிடந்தது. கருவை தன் அடியில் புல்லைக்கூட வளர விடாது. ஆனி வெயிலில் அதன் இலை மட்டும் பச்சையாக இருக்கும், சுற்றி இருக்கிற எல்லாம் காயும். கண்மாய் வற்றினாலும் அதற்குக் கவலையில்லை, அதன் வேர் எங்கேயோ ஆழத்தில் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். இவர் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் உதிர்த்துப் பார்த்துவிட்டு, இதில் சத்தே இல்லை, கிடை போட்டுவிடலாம் என்றார்.

கிடை போடுவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து செம்மறியும் வெள்ளாடுமாக ஓட்டி வருவார்கள். பகலில் எங்கெங்கோ மேய்த்துவிட்டு, சாயங்காலம் நம் நிலத்தில் வலை கட்டி அடைத்துப் போடுவார்கள். தினம் இடத்தை மாற்றிக்கொண்டே போனால் நிலம் பூராவும் புழுக்கையும் மூத்திரமும் விழுந்து நல்ல உரமாகிவிடும். மூட்டை மூட்டையாக யூரியா போட்டாலும் இந்தச் சத்து வராது என்று எல்லோரும் சொன்னார்கள். இவர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி அலைந்தார். கிடைக்காரருக்கும் அவர் சம்சாரத்துக்கும் பிளாஸ்கில் டீ கொண்டுபோய்க் கொடுத்தார். கிளம்ப வேண்டிய நாளில் அவர்களைக் கெஞ்சி, இன்னும் நாலு ராத்திரி தங்க வைத்தார். புழுக்கை மெத்தை விரித்தது போலக் கிடப்பதைப் போனில் படம் எடுத்து, சவூதியில் இருக்கும் கூட்டாளிகளுக்கு அனுப்பினார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். தேடவே வேண்டியிருக்கவில்லை, முதல் வாரத்திலேயே ஒரு மழை கொட்டியது. உழுது கடலை போட்டோம். மகன் ஷோரூமுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தான். ஒரு கையில் போனும் ஒரு கையில் விதைக் கடலையுமாகத்தான் நின்றான், ஆனாலும் வந்தான். எனக்கு அதுவே பெரிசு.

அதற்குப் பிறகுதான் நான் வரப்பில் உட்கார்ந்த அந்தக் காலை. சொல்லாமல் இருந்துவிட முடியுமா? சொன்னேன். இவர் வந்து ஒரு கருவைக் கன்றைப் பிடித்து இழுத்தார், கழுத்தோடு அறுந்து வந்தது. களைக்கொத்தை எடுத்து இன்னொன்றை அடியோடு தோண்டினார். மேலே ஒரு விரற்கடை உயரம்கூட இல்லை. கீழே வேர் வந்துகொண்டே இருந்தது. முழுசாக எடுத்துத் தன் முன்கையில் நீட்டி வைத்துப் பார்த்தார், முழங்கையைத் தொட்டது. அதை வரப்பில் போட்டுவிட்டு அடுத்த கன்றைத் தோண்டக் குனிந்தார்.

அவருக்குக் கோபம் வரவில்லை என்றால் எனக்கு வரக்கூடாதா? கிடைக்காரரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று கிளம்பினேன். மந்தை அப்போது கண்டரமாணிக்கம் பக்கம் போயிருந்தது. பஸ்ஸில் இறங்கி, விசாரித்து, ஒரு தரிசில் கண்டுபிடித்தேன். அவர் சம்சாரம் ஒரு சாக்கிலிருந்து கருவை நெற்றை அள்ளி ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மஞ்சளாக, முற்றிக் காய்ந்த நெற்று. ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு தின்றன.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். கிடைக்காரர் சண்டைக்கு நிற்கவில்லை.

"நெத்து மட்டும் இல்லேன்னா இந்தக் கோடையில ஒரு உருப்படி தங்காது தாயி. புல்லு எங்க இருக்கு, சொல்லுங்க. ஆடு தின்னத அது எங்க போடும், கிடையிலதான போடும்?"

நான் ஒரு நெற்றை ஒடித்து வாயில் வைத்துப் பார்த்தேன், இனித்தது. உள்ளே இருந்த விதை பல்லுக்கு மசியவில்லை. பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்துத் தட்டினேன், தெறித்து ஓடியதே தவிர உடையவில்லை. மண்ணில் சும்மா விழுந்தால் அந்தத் தோலுக்குள் தண்ணீர் இறங்க எத்தனை காலம் ஆகுமோ! ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்தால் தோல் இளகிவிடுகிறது. மரத்துக்குக் கால் இல்லை, அதனால் நெற்றை இனிப்பாக்கி ஆட்டுக்குக் கொடுக்கிறது. ஆடு சுமந்துகொண்டு போய், உரத்தோடு சேர்த்துப் புது இடத்தில் போடுகிறது. இதில் யாரைப் போய்த் திட்டுவது? கிடைக்காரர் சம்சாரம் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நஞ்சையாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தண்ணீர் கட்டிச் சேறாக்கித் தொழி அடிக்கும்போதே முளை அழுகிப் போகும். கிடை போடச் சொன்ன எல்லோரும் நஞ்சைப் பழக்கத்தில் சொன்னார்கள், நாங்களும் அப்படியே கேட்டுக்கொண்டோம். போதாததற்குக் கருவை நெற்று முற்றி உதிர்கிற மாதத்தில் போட்டோம், அதிலும் கெஞ்சிக் கூத்தாடிக் கூடுதல் நாள் போட்டோம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான்.

அதிலிருந்து தினமும் இருட்டு விலகும் முன்னே இவர் களைக்கொத்தோடு போய்விடுவார். ஒரு பாத்தியைச் சுத்தம் செய்துவிட்டு நிமிர்ந்தால், அடுத்த மழைக்கு அதே பாத்தியில் மறுபடியும் முளைத்திருக்கும். எல்லா விதையும் ஒரே மழைக்கு எழும்புவதில்லை. சிலது முந்திக்கொண்டு வருகிறது, சிலது அடுத்த மழை வரட்டும் என்று உள்ளேயே இருந்துகொள்கிறது. முந்தியதெல்லாம் செத்தாலும் பிந்தியது பிழைத்துக்கொள்ளும். அந்தப் புத்தியை நினைத்தால் எரிச்சலோடு ஒரு மரியாதையும் வரும். இவர் உள்ளங்கை கொப்புளம் உடைந்து, காய்ப்புக் காய்த்துப்போனது.

ஆவணி பிறந்தபோது கடலை பூத்தது. காலையில் மஞ்சளாகச் சிரிக்கும், உச்சி வெயிலுக்குள் வதங்கிவிடும். பூ போன இடத்திலிருந்து ஒரு ஊசி கிளம்பிக் கீழே பார்த்து வளரும். அது மண்ணுக்குள் இறங்கினால்தான் நுனியில் காய் பிடிக்கும். இறங்க முடியாமல் வெளியிலேயே நின்றுவிட்ட ஊசி வீண். அதனால் ஜிப்சம் போட்டு, மண் அணைத்துவிட்ட பிறகு நிலத்தில் கொத்து விழக்கூடாது. கொத்தினால் ஊசி அறுந்துபோகும்.

மண் அணைத்து முடித்த அன்று, இவர் கருவைக் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது கொத்தினால் கடலை போச்சு, கொத்தாவிட்டால் கருவை ஊன்றிக்கொள்ளும் என்றார். பிறகு, இந்த மாசம் முடிவதற்குள் ஏதாவது ஒன்று தெரிந்தாக வேண்டும் என்றார். அப்படி இந்த மாசத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீங்க எக்ஸிட்ல வந்தீகளா, லீவுல வந்தீகளா?"

எக்ஸிட் என்றால் வேலையை முடித்துக்கொண்டு, கணக்கைத் தீர்த்து ஒரேயடியாக வருவது. லீவு என்றால் திரும்பிப் போக வேண்டும். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எந்த வீட்டிலும் சின்னப்பிள்ளைக்குக்கூட இந்த இரண்டு வார்த்தை தெரியும்.

"லீவுதான்," என்றார். "வெளஞ்சா அப்பிடியே நின்டுரலாம்னு நெனச்சேன்."

ஊர் முழுக்கச் சொன்னவள் நான்.

"ஒரு விரக்கட உசரம் வாறதுக்கு முன்னாடி அந்தக் கருவ ஒரு முழம் வேர எறக்கிருது. நீங்க ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு லீவு போட்டு வெவசாயம் பாக்குறீக."

சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் அவர் வீடு வரைக்கும் எனக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்கத்தான் தாங்கவில்லை.

ஆவணிக் கடைசியில் திருச்சியில் விமானம் ஏறினார். மகன்தான் பெட்டியைத் தூக்கி வைத்தான். உள்ளே போவதற்கு முன் இவர் என்னிடம், கடலை ஓரளவுக்கு வந்துவிட்டால் வரும் சித்திரைக்கு எக்ஸிட்தான் என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கொத்தத்தானே கூடாது? வெட்டலாமே. துணி வெட்டுகிற பழைய கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், மண்ணைத் தொடாமல் கருவையை ஒவ்வொன்றாகக் கழுத்தில் நறுக்கினேன். அது தழைக்கும், நான் நறுக்குவேன். சாகாது என்று தெரியும். கடலை காய் பிடிக்கும் வரைக்கும் அது தலைதூக்காமல் இருந்தால் போதும். முள் கீறாத விரல் இல்லை. தைக்க உட்கார்ந்தால் ஊசி பிடிக்க முடியாது. மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து நின்று, விடுங்கம்மா என்பான். நான் விடவில்லை.

ஐப்பசியில் செடி பறித்தோம், மகனும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். பாதி நிலத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மீதிப் பாதியில், சத்தியமாகச் சொல்கிறேன், இழுத்த செடியெல்லாம் கை கொள்ளாமல் காய் தொங்கியது. கிடை உரம் கிடை உரம்தான். அன்று வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு. புஞ்சையிலிருந்தே வீடியோ காலில் கூப்பிட்டு ஒரு செடியை உதறிக் காட்டினேன். கேம்ப் ரூமில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். இவ்வளவா, இவ்வளவா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் அவராகவே சொன்னார், சித்திரைக்கு எக்ஸிட் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மகன் என் கையிலிருந்து போனை வாங்கினான்.

"அப்பா, நீங்க வாறதுக்கு முன்னாடி உங்க கம்பெனியில எனக்கு ஒரு விசா பாருங்கப்பா."

எழுந்து நின்றவர் திரும்பக் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, மெதுவாக, "அதுக்கு மொதல்ல பாஸ்போர்ட் எடுக்கணுமேடா," என்றார்.

"போன வருசமே எடுத்துட்டேன்."

போன வருசம் அந்தப் புஞ்சை கருவங்காடாகத்தான் கிடந்தது.