நான் எழுதிய பதினெட்டு

தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் ஆறு வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றேன். கால் எல்லாம் புண். அறுபத்தேழில் அரபு நாட்டுப் பக்கம் சண்டை வந்து சூயஸ் கால்வாயை அடைத்துவிட்டார்கள். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. லண்டனுக்குப் போக வேண்டிய தோல் எங்களிடமே கிடந்தது.

முதலாளி எங்கள் ஜில்லாக்காரர், முஸ்லிம். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து வரைய எனக்கு வரும். அதனால் என்னைத் தொட்டியிலிருந்து ஏற்றி, தினமும் துறைமுகத்துக்கு அனுப்பினார். அங்கே கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை. எந்தக் கப்பல் எந்தத் தேதி வரும் என்று அதில் இருக்கும். சீட்டில் எழுதி வருவேன். சாயங்காலம் முதலாளி தொழுகைக்குப் போயிருப்பார். சீட்டை என் மனைவியின் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். அவனும் தொட்டி ஆள்தான். அவர் வந்ததும் கொடுப்பான்.

என் கால் ஆறியது.

சீட்டைப் பார்த்துத்தான் ஆள் கூப்பிடுவார். கப்பல் கிட்டே வந்தால் தோலை எடுத்துக் காயவைத்துக் கட்டுவோம். தொட்டி காலியாகும், புதுத் தோல் விழும், எல்லோருக்கும் வேலை. தள்ளிப்போனால் தோல் பதனிடும் மரப்பட்டைத் தண்ணீரிலேயே ஊறும். ஆளை நிறுத்துவார்கள். மேஸ்திரி காலைத்தான் பார்ப்பார். புண் உள்ளவன் முதலில் வெளியே.

மச்சினனுக்கு இரண்டு காலும் புண். ஒரு நாள் கேட்டான்.

"பலகைல என்ன போட்டுருக்கு அத்தான்?"

"இருபத்தெட்டு."

"அப்ப நாளைக்கு என்னைய நிப்பாட்டிருவாவ. பதினெட்டுன்னு போடுங்களேன். கடல்ல வார கப்பல எவன் போய்ப் பாக்கான்?"

"முதலாளிக்குத் தெரிஞ்சா?"

"தொட்டிய விட்டு ஏறுனதும் நல்லாத்தான் பயப்படுதீங்க."

அங்கேயே நின்று பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். தோலை எடுத்துக் கட்டினோம். பதினெட்டில் கப்பல் இல்லை. இருபத்தெட்டிலும் இல்லை. மழை விடவில்லை. தோல் கட்டுகளை அறுத்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் பூஞ்சை.

முதலாளி ஆணியில் குத்தியிருந்த சீட்டை உருவினார்.

"இது யாரு வே எழுதுனது?"

எனக்குத் தொட்டி கண்ணில் தெரிந்தது.

"நான் இருபத்தெட்டுன்னுதான் எழுதினேன் முதலாளி. இவன் கையிலதான் கொடுத்தேன்."

மச்சினன் முழங்கால் அளவு சுண்ணாம்பில் நின்றான். என்னைப் பார்த்தான். எனக்கு வேலை போனால் அவன் அக்காவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சோறு இல்லை.

"நாந்தான் முதலாளி. மாத்திட்டேன்."

மேஸ்திரி சிரித்தார். "கால்லதான் சொத்தைன்னு நெனச்சேன். கையிலயும் இருக்கோ?"

ஏறி வந்தவன் காலைக் கழுவக் குழாயடிக்குப் போனான். மேஸ்திரி குழாயை மூடினார்.

"வேல செய்யுதவனுக்குத்தாம்ல தண்ணி."

சுண்ணாம்பு காலில் காயக் காய நடந்து போனான். நான் கூடப் போகவில்லை. வீட்டில் என் மனைவி கழுவியபோது தோலும் சேர்ந்து வந்தது. அவளிடமும் அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அம்பர்நாத்துக்கு ரயிலேறிப் போய் ஒரு கம்பெனியில் வேலை கேட்டான். காலைப் பார்த்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

அவன் வேலை போன மறுநாளே நான் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். பலகையில் கப்பல் இன்னும் தள்ளிப்போயிருந்தது. சரியாக எழுதி வந்தேன். சீட்டை வாங்கத் தொட்டியில் ஆள் இல்லை. முதலாளி தொழுதுவிட்டு வரும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.