கிளட்ச் அக்காவின் வயிறு

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குக் கிளட்ச் அக்கா என்று பேர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கிளட்ச்சை மெதுவா விடு, காலா அது, உலக்கையா?" என்று திட்டித் திட்டியே ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். குடலில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய பிறகும் வகுப்பை விடவில்லை.

ஒருநாள் வகுப்பின் நடுவே பச்சையாக வாந்தி எடுத்தாள். சில நாட்களாகவே மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. வயிறு மத்தளம் போல உப்பியிருந்தது. தம்பி அவளை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனான்.

அங்கிருந்த டாக்டர் பழைய ஸ்கேனைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. தம்பியை வாசலுக்குக் கூப்பிட்டு, "கட்டி குடலை அடைச்சிருக்கு. முத்திப்போன கேஸ். ஆபரேஷன் பண்ணி என்ன பிரயோஜனம்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். தம்பி தலையாட்டினான்.

திரைக்குப் பின்னால் படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. பற்றிக்கொண்டு வந்தது.

"டாக்டர், வயிறு என்னோடது. பேச்சு மட்டும் அவன்கிட்டயா? நான் இன்னும் சாகல. இங்க வந்து பேசுங்க."

"அக்கா, சும்மா இரேன்."

"நீ வாயை மூடுடா. தலையாட்டவா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்? ஆபரேஷன் பண்ற டாக்டர் வரட்டும். என் மூஞ்சியைப் பாத்து முடியாதுன்னு சொல்லட்டும், போறேன்."

அவள் போட்ட சத்தத்தில்தான் அறுவை சிகிச்சை டாக்டரம்மா வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"நோயை என்னால எடுக்க முடியாதும்மா. அடைப்புக்கு மேல இருக்கற குடலை வயித்து வழியா வெளிய கொண்டுவரலாம். மலம் ஒரு பையில சேரும். அந்தப் பை கடைசிவரைக்கும் இருக்கும். ஆபரேஷன்லயே உயிர் போகவும் வாய்ப்பிருக்கு. ஆனா இப்படியே விட்டா குடல் வெடிச்சிடும்."

"இதைச் சொல்ல ஒரு ஆளுக்கும் வாய் வரலியே. பண்ணுங்க."

பிழைத்தாள். காயத்தில் சீழ் பிடித்து ரொம்பவே அவதிப்பட்டாள். பையைப் பார்த்து அருவருத்து அழுதாள். பிறகு அதைத் தானே மாற்றப் பழகி, சீட் பெல்ட்டைப் பையில் படாமல் தாழ்த்திப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். பசித்துச் சாப்பிட்டாள். அப்படிக் கிடைத்த மாதங்களில் தம்பி மனைவிகூட அவளிடம் திட்டு வாங்கி லைசென்ஸ் எடுத்தாள்.

கல்லீரல் கைவிட்டபோது டாக்டரம்மா அவளிடமே சொன்னார், இனி அறுக்க ஒன்றுமில்லை என்று. அவள் வாதாடவில்லை.

"வலி?"

"இல்லாம பாத்துக்கறோம்."

வீட்டில், தூக்கத்திலேயே போனாள். துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர், "எப்படியும் போறவதானே, எதுக்கு வயித்தைக் கிழிச்சீங்க?" என்று தம்பியிடம் கேட்டார்.

"அவளைக் கேட்டோம், மாமா. பண்ணுங்கன்னா. அதனாலதான்" என்றான் தம்பி. அதற்குமேல் அங்கே உட்கார முடியாமல் எழுந்து வெளியே போனான்.