சிரித்துக்கொண்டே போன டிரைவர்

நான் ஆறாவது படித்த வருஷம் எங்கள் சித்திக்கு அவசரமாக ஓர் ஆபரேஷன் தியேட்டர் தேவைப்பட்டது. நாய்களுக்கு.

சித்தி அம்மாவின் தங்கை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தாள். தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் மனிதர்களுக்கு ஊசி குத்துவாள், சாயங்காலம் நாய்களுக்கு. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் ஐஸ் ஃபேக்டரி பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அதன் முதலாளி, இடிக்கிற வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சித்தியிடமும் அவள் கூட்டாளிகளிடமும் சாவியைக் கொடுத்திருந்தார். அவர்கள் ஏழெட்டுப் பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. 'விலங்குகள் காப்பகம்' என்று பெயிண்டில் எழுதி மாட்டியும் ஊருக்கு அது ஐஸ் ஃபேக்டரியாகவே இருந்தது.

அங்கே அப்போது நடந்ததெல்லாம் சின்ன வைத்தியம்தான். அரிசிக் கஞ்சி, புண்ணுக்கு மருந்து, வெறிநாய்த் தடுப்பூசி. வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் அக்கா வருவார். கால்நடை மருத்துவம் படித்து முடித்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். அவரும் காசு வாங்கமாட்டார். ஆனால் எங்கள் பக்கத்து நாய்களுக்கு வருகிற பெரிய வியாதி ஒன்றுதான், லாரி. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர்கள் எண்ணூர் ரோட்டில் நாள் முழுக்க ஓடும். அடிபட்ட நாயை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆட்டோக்காரர்கள் சீட்டில் ரத்தம் ஆகும் என்பார்கள். மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம் வேறு. பாதி நாய்கள் வண்ணாரப்பேட்டையைத் தாண்டியதில்லை. ஒருநாள் சித்தி போன ஆட்டோவிலேயே பாதி வழியில் திரும்பி வந்து, துப்பட்டாவை அலசிக் கொடியில் போட்டுவிட்டு, "இங்கயே ஒரு தியேட்டர் கட்டணும்" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அப்பாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவரே டிரெய்லர் டிரைவர்தான்.

"இன்னாம்மா, நாய்க்கு தேட்டரு கட்றியாமே, இன்னா படம் ஓட்டப் போற?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"நீங்க வந்து ரிப்பன் வெட்டுங்க மாமா, அப்பறம் சொல்றேன்" என்றாள் சித்தி.

அப்பா ரிப்பன் வெட்டப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மழை நாளில் சித்தியைத் தன் பைக்கில் கொண்டுபோய் விடுவார். ஃபேக்டரி கேட்டோடு சரி. ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

நன்கொடை திரட்ட ஆரம்பித்தார்கள். பெரிய பிஸ்கட் டின்னின் மூடியில் கீறல் போட்டு உண்டியல் செய்து, சனிக்கிழமைகளில் கடை கடையாக ஏறினோம். டின்னைப் பிடிப்பது என் வேலை, பேசுவது சித்தியின் வேலை. சித்தி உள்ளதை உள்ளபடி பேசுகிறவள். ஒரு டேபிள், ஒரு விளக்கு, மயக்க மருந்து கொடுக்கிற கருவி, தரைக்கு டைல்ஸ் என்று அடுக்குவாள். ரத்தப் பரிசோதனை முடிவை வாசிப்பது போல இருக்கும். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஐந்து ரூபாய் நாணயத்தைப் போடுவார்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் வரச் சொல்வார்கள்.

ஒரு தையல் கடை வாசலில் சித்திக்குப் போன் வந்து தள்ளிப் போய்விட்டாள். மிஷினில் இருந்த அக்கா, "இன்னாத்துக்கு பாப்பா இது?" என்று என்னைக் கேட்டார். எனக்கு டைல்ஸ் பட்டியல் மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். எண்ணூர் ரோட்டில் ஒரு செவலை நாய் அடிபட்டுக் கிடந்தது, அதற்கு நாலு குட்டிகள், பால் குடிக்க வந்து அதைச் சுற்றிச் சுற்றி நின்றன என்றேன். அந்த அக்கா மிஷினை நிறுத்திவிட்டு மணிபர்ஸைத் திறந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்தார். அவரைவிட நான்தான் அதிகமாக அசந்துபோனேன்.

அதற்குப் பிறகு சித்தி கொஞ்சம் நகர்ந்தால் போதும், நாய் ரோட்டில் விழுந்துவிடும். முதலில் என் கதையில் டிரைவரே கிடையாது. பிறகு சேர்த்தேன், ஏனென்றால் யாரையாவது திட்டுவதற்கு ஆள் கிடைத்தால் ஜனங்களுக்குக் கை தாராளமாகிறது. முதல் வாரம் அவன் கவனிக்காமல் போனான். அடுத்த வாரம் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நிறுத்தாமல் போனான். அப்பா டிரைவர் என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் கதையில் வருகிற டிரைவர் வேறு ஜாதி மனிதன், அவனுக்கு வீடு வாசல் எதுவும் கிடையாது என்று வைத்திருந்தேன்.

பெரிய வசூலுக்கு ஒரு கேரம் போட்டி வைத்தார்கள். தெருமுனைச் சங்கக் கட்டடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நுழைவுக் கட்டணம் முழுக்கத் தியேட்டருக்கு. எங்கள் பக்கத்தில் வாலிபால் என்றால் பத்துப் பேர் வருவார்கள், கேரம் என்றால் எழுபது பேர். அப்பாவும் பேர் கொடுத்தார். "நாய்க்கோசரம் இல்ல, கப்புக்கோசரம்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். டிரைவர் சிநேகிதர்கள் நாலைந்து பேரையும் இழுத்து வந்திருந்தார்.

மத்தியானம் அரையிறுதி. அப்பாவின் ஆட்டம் நடுப் பலகையில். டாக்டர் அக்கா மைக்கில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு. அவர் மைக்கைக் கையில் வாங்கியதும் குரல் எழும்பாமல், பக்கத்தில் டின்னோடு நின்ற என்னிடம் தள்ளிவிட்டார். நான் அதற்குத்தானே காத்திருந்தேன்.

நாயைப் படுக்க வைத்தேன். குட்டிகளைக் கொண்டுவந்தேன். கூட்டம் அமைதியானது. அந்த அமைதி எனக்குப் போதை மாதிரி ஏறியது. இதுவரை எந்தக் கடையிலும் சொல்லாத ஒன்றை அன்றைக்குத்தான் சேர்த்தேன்.

"அந்த டிரைவரு கண்ணாடில பாத்தான். நாயி துடிச்சிகினு கீது. அவன் சிரிச்சிகினே போய்ட்டான்!"

"த்சொ, த்சொ" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சித்தி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி மருந்தில் ஒரு சொட்டு அளவு மாறினாலும் பொறுக்காதவள், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. டின்னை நோக்கிப் பத்துப் பதினைந்து கைகள் வந்துகொண்டிருந்தன.

நடுப் பலகையில் மட்டும் சத்தம் நின்றுவிட்டது. அப்பா சிவப்புக் காயைப் போட்டுவிட்டார், அதற்குத் துணையாக இன்னொரு காயைப் போட்டால் ஆட்டம் அவருடையது. காய் குழி ஓரத்திலேயே நின்றது, குழந்தைகூடத் தள்ளிவிடலாம். அவர் ஸ்டிரைக்கரைப் பலகை நடுவில் வைத்தார். எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வயிறு சரியில்லையாம் என்று யாரோ சொல்ல, எதிராளி ஜெயித்ததாக அறிவித்தார்கள்.

டிரைவர்களைக் கேவலமாகப் பேசிவிட்டேன், அதனால்தான் கோபம் என்று எனக்குப் புரிந்தது. அல்லது, புரிந்ததாக நினைத்தேன். வீட்டில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சித்தி கேட்டாள், மாடிப்படியில் மடக்கி. "எந்த நாய்டி அது?" நான் அழ ஆரம்பித்தேன். "இனிமே டைல்ஸ் மட்டும் சொல்லு" என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு பைக்கில் கூட்டிப்போனார். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது, அத்திப்பட்டுக்குப் போகும் நிலக்கரி வண்டி, லேசில் முடியாது. அவர் இன்ஜினை அணைத்தார். திரும்பாமலே பேசினார்.

"அவன் சிர்ச்சிருக்க மாட்டான் கண்ணு."

நான் வேகன்களை எண்ண ஆரம்பித்தேன்.

"பாத்துருப்பான். கண்ணாடில தெரியும். ஆனா பொட்டி ஏத்திகினு வர்றப்ப சடார்னு பிரேக் புடிக்க முடியாது. பின்னாடி கீற கன்டெய்னர் நம்மளையே அட்ச்சிடும். அவ்ளோ வெயிட்டு. அப்பால நிறுத்தலாம்னா, பின்னாடி நூறு வண்டி ஆரன் அட்ச்சிகினு கீது." வேகன்கள் தடதடவென்று போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து, "அது கறுப்பு நாயா?" என்றார்.

என் நாய் செவலை. மைக்கிலும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அவர் குரலைக் கேட்டபோது கறுப்பு என்று சொன்னால் கோபம் தீர்ந்துவிடும் போல எனக்குத் தோன்றியது. "ஆமா நைனா, கறுப்புதான்" என்றேன்.

"பொழச்சிச்சா?"

"பொழச்சிடுச்சி. ஐஸ் ஃபேக்டரிலதான் கீது."

கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஆரன் அடித்தார்கள். அப்பா வண்டியை உடனே எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் ஐஸ் ஃபேக்டரிக்கு வந்தார். நேராக உள்ளே. கஞ்சி கலக்கிக்கொண்டிருந்த சித்தி கரண்டியோடு நிமிர்ந்தாள். நல்லவேளையாக அங்கே ஒரு கறுப்பு நாய் இருந்தது, பின்னங்கால் ஒன்று இல்லாமல். லாரிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எம்.கே.பி. நகரில் யாரோ காலில் கயிற்றைக் கட்டிப்போட்டு, கயிறு சதைக்குள் இறங்கி, வேப்பேரிக்குக் கொண்டுபோய்க் காலை எடுத்த நாய் அது. நான் அதைக் காட்டினேன்.

அப்பா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அது முகர்ந்து பார்த்துவிட்டு அவர் விரல்களை நக்கியது. மீன் சாப்பிட்ட கை, அவ்வளவுதான். அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"கால் வலிக்குமா அதுக்கு?" என்று கேட்டார், சித்தியைப் பார்க்காமல்.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "இப்ப வலியெல்லாம் இல்ல மாமா" என்றாள். "நல்லா ஓடும்."

"எவ்ளோ நாளாச்சி?"

மைக்கில் நான் 'போன மாசம்' என்று சொல்லியிருந்தேன். சித்திக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"ரெண்டு வருஷம் ஆயிடுச்சி" என்றாள்.

பிடிபட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா தலையை ஆட்டுவது எப்படியோ தெரிந்தது.

"ஆமா," என்றார். "ரெண்டு வருஷம் இருக்கும்."

அவர் போட்டியன்று என் பேச்சைச் சரியாகக் கேட்கவில்லை, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். சித்தி மட்டும் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஓர் அலுமினியத் தட்டில் கஞ்சி ஊற்றி அப்பாவிடம் நீட்டினாள். அவர் அந்த நாய்க்கு வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை டின்னை அப்பா எடுத்துக்கொண்டார். என்னையும் கூட்டிப்போனார். துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் டிரெய்லர்களின் வரிசை அன்று எண்ணூர் ரோட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றது. கேபினில் தூங்குகிறவர்கள், வண்டி நிழலில் சமைக்கிறவர்கள், சீட்டு ஆடுகிறவர்கள். "நீ ஒண்ணும் பேசாத, சும்மா வா" என்றார் அப்பா.

ஒவ்வொரு வண்டியாக நின்றோம். டின்னைத் தூக்கிக் காட்டி, "நம்ம ரோட்ல அடிபட்றதுங்களுக்கு ஆஸ்பத்திரி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. குட்டிகள் இல்லை, பால் இல்லை. எனக்கு வாய் நமநமவென்றது. ஒருவர் பாட்டை அணைத்துவிட்டுப் பணம் போட்டார். ஆந்திரப் பதிவு வண்டியில் இருந்த ஓர் இளைஞன், அப்பா சொன்னது முழுக்கப் புரிந்ததோ இல்லையோ, நோட்டைப் போட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். நரைத்த மீசைக்காரர் ஒருவர் டின்னைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த அன்றைய பேட்டா பணத்தை மடிப்புக்கூடப் பிரிக்காமல் உள்ளே திணித்தார். "போன் நம்பர் இன்னா?" என்று கேட்டு, கேபின் கதவின் உட்புறம் சாக்பீஸால் எழுதிக்கொண்டார். அதைப் பார்த்து அடுத்த வண்டிக்காரரும் எழுதிக்கொண்டார்.

நாலைந்து சனிக்கிழமைகள் இப்படிப் போனோம். மழைக்காலத்துக்கு முன்னால் ஐஸ் ஃபேக்டரியின் பின்னறையில் டைல்ஸ் பதித்து, டேபிளும் விளக்கும் வந்துவிட்டன. டாக்டர் அக்கா முதல் ஆபரேஷனை முடித்து வெளியே வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் அழுதார். பிறகு ஒரு பழைய ஆம்னி வேனும் வந்தது. அதைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் டிரைவர்கள்தான். பேர் சொல்லமாட்டார்கள். "டோல்கேட்டாண்ட ஒண்ணு கெடக்குது, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். சித்தியும் பேர் கேட்கமாட்டாள்.

எனக்கு உள்ளூரப் பொறாமை. நான் அத்தனை சனிக்கிழமை தொண்டை வறளக் கதை சொல்லிச் சேர்த்ததை அப்பா ஒரே மத்தியானத்தில் சேர்த்துவிட்டார். ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டே விட்டேன்.

"நாயி எப்டி அடிபட்டுச்சின்னு சொன்னா இன்னும் ஜாஸ்தி குடுப்பாங்கல்ல நைனா?"

அப்பா டின்னை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அவங்களுக்குச் சொல்ல வேணாம்மா" என்றார்.

டிரைவர்களுக்குக் கதை கேட்கிற பொறுமை கிடையாது என்றுதான் அப்போது அதற்கு அர்த்தம் செய்துகொண்டேன்.