‘நல்லா இருக்கு’ என்ற கெட்ட வார்த்தை

பஸ் பணிமனையில் அவளை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர். ஆண்கள் மட்டுமே இருந்த இடத்தில், பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்து போல்ட்டு முடுக்கும் பெண்ணை வேறெப்படிக் கூப்பிடுவது என்று பாவம் அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் அதையே பட்டமாக எடுத்துக்கொண்டாள். பிரேக் சரி என்று அவள் வாயால் சொல்லாமல் இன்று ஒரு பஸ்ஸும் வெளியே போகாது.

போன வருஷம் பணிமனைப் படியில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் பலத்த அடி. காயம் ஆறியது, அதோடு போன வாசனை உணர்வு போனதுதான். டீசலும் சோப்பும் அவளுக்கு இப்போது ஒன்று. உப்பு, புளிப்பு வரைக்கும் நாக்கு சொல்லும், அதற்கு மேல் கேட்கக் கூடாது. டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

மாடியில் குடியிருக்கும் தம்பி, கேஸ் கசிந்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். நியாயமான கேள்வி. கேஸ் அடுப்பைக் கொடுத்துவிட்டு மின்சார அடுப்பு வாங்கினாள். அப்புறமும் மாடியிலிருந்து வேளாவேளைக்கு டிபன் கேரியர் இறங்கிக்கொண்டே இருந்தது. நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? ஆனால் நல்ல மனசு மாசக்கணக்கில் படி இறங்கி வந்தால், பஸ்ஸையே தூக்கி நிறுத்துகிறவள்கூட நோயாளியாகிவிடுவாள். அது அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அதனால்தான் தொடர்ந்து மூன்று நாள் லீவு வந்ததும் பழைய தோழிகள் இரண்டு பேரையும் அழைத்தாள். ஒருத்தி நர்ஸ், இன்னொருத்தி கணக்கு டீச்சர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூவரும் ஒரே வாடகை அறையில் ஒரே ஸ்டவ்வைச் சுற்றிக் கிடந்தவர்கள். மூன்று நாளும் என் கைச் சமையல்தான், எதையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்காதீர்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். இது நல்லபடி நடந்தால் அடுப்படி திரும்ப அவளுடையது. சொதப்பினால் காலத்துக்கும் டிபன் கேரியர். தம்பிக்கும் இது தெரியும். ஹோட்டலில் சொல்லிவிடட்டுமா என்று இரண்டு தரம் கேட்டான். மூன்றாம் தரம் கேட்க அவள் முகம் இடம் கொடுக்கவில்லை.

முதல் நாள் மீன் வறுத்தாள். எண்ணெயின் சத்தத்தை வைத்தே பதம் பார்த்துத் திருப்பிப் போட்டாள், பிசகவில்லை. இரண்டாம் நாள் கோழிக் குழம்பு. கொதிக்க விட்டுவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தால், டீச்சர் தன் தலைமை ஆசிரியரின் விக் காற்றில் பறந்த கதையை ஆரம்பித்திருந்தாள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நடுவில் டீச்சரும் நர்ஸும் திடீரென்று பேச்சை நிறுத்தி ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். சிரித்துக் களைத்துவிட்டார்கள் என்று ஸ்பேனர் நினைத்துக்கொண்டாள்.

சாப்பிடத் தம்பியும் இறங்கி வந்தான். முதல் கவளத்தை விழுங்கிய நர்ஸ், “நல்லா இருக்கு” என்றாள். டீச்சர், “ரொம்ப நல்லா இருக்குடி” என்றாள். தம்பி தலையைத் தூக்கவேயில்லை.

ஸ்பேனரின் கை அப்படியே நின்றது. அந்த வாடகை அறையில் ‘நல்லா இருக்கு’ என்பது கெட்ட வார்த்தை. ஆரம்பத்தில் மரியாதைக்குப் பயந்து டீச்சரின் வேகாத சோற்றை ஒரு மாசம் புகழ்ந்து தின்று வயிறு கெட்ட பிறகு போட்ட சட்டம் அது. உப்பைக் கொட்டிட்டியா என்று கேட்கலாம், நாய்கூடத் தின்னாது என்று சொல்லலாம். நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லக் கூடாது.

குழம்புச் சட்டிக்குள் கரண்டியை விட்டு அடியைச் சுரண்டினாள். கருப்புக் கருப்பாகப் பொருக்கு வந்தது.

“எப்பத் தெரிஞ்சுது?”

“ஹால்ல இருக்கும்போதே,” என்றாள் நர்ஸ் மெதுவாக. “சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு…”

“அடிபட்டது மண்டையிலடி, மனசுல இல்ல. ஹால்ல ரெண்டு மூக்கு உட்கார்ந்திருந்துச்சு. ஒண்ணாவது வாயத் திறந்துச்சா?”

“விடுக்கா, இதுக்குத்தான் நான் அப்பவே…” என்று தம்பி இழுத்தான்.

“கருகிச்சுன்னா கருகிச்சுன்னு சொல்லு. சமைக்காதன்னு சொல்லாத.”

எல்லோர் தட்டையும் பிடுங்கினாள். உதவிக்கு எழுந்த டீச்சரைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தாள். ஒருத்தரும் அசையக் கூடாது, பசித்தால் பசித்துக்கொண்டு கிடங்கள் என்றாள். மீதி வைத்திருந்த கோழியை எடுத்து, வேறு பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். கோபத்தில் வெங்காயம் தாறுமாறாக விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்தால்தான் என்று யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாததால் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து டீச்சர் கத்தினாள்: “அடியே, வெங்காயம் தீயுது, தூங்குறியா?” உனக்கென்ன தெரியும், இப்போதுதான் சிவக்கிறது என்று நர்ஸ் அவளை மடக்கினாள். வேகாத சோறு வடித்தவளெல்லாம் வெங்காயத்தைப் பற்றிப் பேசலாமா என்று பழைய கணக்குகள் கிளம்பின. உள்ளே ஸ்பேனர் அடுப்பின் சூட்டைக் குறைத்தாள். சந்தோஷமாக இருந்தது.

குழம்பு கொதித்துச் சுண்டும் நேரத்தில் இன்னொரு குரல் வந்தது. உட்காருக்கா, வேண்டாம்க்கா, நாங்க பார்த்துக்கிறோம்க்கா என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த குரல்.

“அக்கா, அடியில பிடிக்குது. கிளறு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். தம்பி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.