தீபாவளி வாரத்தில் எண்ணிய தலைகள்

2025 ஜூன் 14, சனி. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். இஞ்சித் தேநீர். துணி ஊறவைத்தேன். ஏழு மணிக்கு மழை விட்டதும் பக்கத்துக் காணியில் சீமெந்து குழைக்கத் தொடங்கினார்கள். அந்த ஈர வாசனை வந்ததும் எங்கள் அறைகளைக் கட்டிய காலம் நினைவு வந்து, என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன டீச்சரம்மா, காலங்காத்தால?" என்றார் கணவர். தேயிலைத் தோட்டத்து ஆபிசில் உழைத்துச் சேர்த்த சேமலாப நிதி முழுவதையும் போட்டு, எங்கள் வாடகை அறைகளுக்கு மேலே மாடி எழுப்பத் துடிப்பவர். மறுநாள் கட்டட வேலை பேச மேசன் பாஸ் வருவதாக ஏற்பாடு.

அந்த அறைகளின் கதை இது. கல்யாணமான புதிதில் ஹட்டனில் எட்டுப் பேர்ச் அளவில் சின்னக் காணி வாங்கினோம். அறை கட்டினால் ஆள் வருமா? பள்ளிக்கூடத்தில் கரும்பலகைச் சோக்கட்டியைக்கூட எண்ணிப் பூட்டுகிறவள் நான். மூன்று நாள் பஸ் நிலையத்தில் கொப்பியோடு நின்று, கொழும்பிலிருந்து வந்த பஸ்களிலிருந்து இறங்கியவர்களுக்கெல்லாம் கோடு போட்டேன். என்ன சனம்! புதுச்சட்டை, சென்ட் வாசனை, தோளில் டிவிப் பெட்டி.

"நாலு ரூமும் ஒரே நாள்ல போயிருங்க!" என்று குதித்தேன். அது தீபாவளி வாரம், கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஊர் திரும்பும் வாரம் என்பது இருவருக்கும் உறைக்கவேயில்லை.

அறைகள் தயாரானபோது குடிவந்தது ஒரு பூனை. அதுவும் குட்டி போட்டது. சீமெந்து தந்த ஹார்ட்வெயார் கடைக்கார நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டீச்சர், தீபாவளிக்கு ஆட்டிறைச்சிக் கடையில கூட்டம்னு வருசம் பூரா ஆடு அறுக்க ஏலுமா?"

நெடுநாள் கழித்துக் குடிவந்தவர்கள் வயதானவர்கள். பிள்ளைகள் கொழும்பில், இவர்களுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும்.

புத்தி வந்து, இம்முறை மாடிப் பேச்சு எழுந்ததும் சாதாரணச் செவ்வாய்க்கிழமையொன்றில் எண்ணியிருந்தேன். அந்தச் சனிக்கிழமை காலை அந்தக் கொப்பியைக் கணவரிடம் நீட்டினேன். "பாதிப் பேருக்கு நரைச்சிருச்சு. மாடிப்படி ஏறி யாருங்க வருவா?"

"பூனை வரும்ல?"

"அதுக்கும் இப்ப முட்டு வலிங்க!"

சிரித்துச் சிரித்து அவர் தேநீரைச் சிந்தினார். பிறகு, "சரி, பின்னால கீழயே ரெண்டு ரூம்" என்றார்.

இப்போது தீபாவளி வாரத்திலும் அந்த பஸ்களில் உட்கார இடம் கிடைக்கிறது. டிவிப் பெட்டி சுமந்தவர்களில் பலர் கடல் தாண்டிவிட்டார்கள். சிலர் வருவதையே விட்டுவிட்டார்கள்.

ஞாயிறு காலை முதல் வேலையாக, மேசன் பாஸ் பார்த்திருக்க, கணவரை முக்காலியில் உட்காரவைத்து எழுப்பி, புது அறைகளின் கழிப்பறைச் சுவரில் வயதானவர்கள் பிடித்து எழக் கைப்பிடி வர வேண்டிய உயரத்தை அளந்தேன்.